ஆம்பூரில் கப்பல் விட்ட வைபவம்

உலகக் கடல் வாணிபத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் லிஸ்பனைச் சொன்னார்கள், லண்டனைச் சொன்னார்கள், போனால் போகிறதென்று நாகப்பட்டினத்தையும் சொன்னார்கள். ஆம்பூரை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இது பச்சை ஓரவஞ்சனை. ஆம்பூருக்குக் கடல் இல்லையே என்பார்கள். ஆறு இருக்கிறதே! ஆற்றில் தண்ணீர் இல்லையே என்பார்கள். தண்ணீர் இருக்கிற இடத்தில் யார் வேண்டுமானாலும் கப்பல் விடலாம், அதில் என்ன சாமர்த்தியம் வேண்டிக் கிடக்கிறது? பாலாறு மணலாகக் கிடந்த 2006ஆம் வருஷத்தில், அதன் கரையிலேயே உட்கார்ந்துகொண்டு, மூன்று பாய்மரமும் இரண்டு வரிசைப் பீரங்கியும் கொண்ட முந்நூறு வருஷப் பழமையான போர்க்கப்பல் ஒன்றைக் கட்டிய பெருமை ரிவர்வியூ ஷூ கம்பெனியையே சேரும்.

கப்பல் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதனால் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கட்டியவர் ஜியாவுல்லா. கம்பெனியின் டிசைன் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஷூவுக்குப் பேட்டர்ன் போடுகிறவர். தட்டைத் தோலை எங்கே வெட்டி எங்கே மடித்தால் கால் மாதிரி வளையும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். கடலை அவர் பார்த்தது ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில் மெரினாவில். அப்போதும் பாதி நேரம், பக்கத்தில் நடந்துபோகிறவர்களின் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி ஷஹீன் பானு இன்றுவரை சொல்லிக்காட்டுவாள்.

ஷூ கம்பெனி எதற்குக் கப்பல் கட்ட வேண்டும்? நியாயமான கேள்வி. ஜெர்மனியிலிருந்து ஹோல்கர் என்று ஒரு பையர் வருவார். கம்பெனியின் பூட்ஸில் பெரும்பங்கை வாங்குகிறவர் அவர்தான். நல்ல மனிதர், ஆனால் கண் பொல்லாதது. தையலில் ஒரு இழை விலகினாலும் பிடித்துவிடுவார். அவருக்கு ஒரு பித்து. குழந்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சொருகி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றையே கம்ப்யூட்டர் திரையில் மவுஸால் எடுத்துச் சொருகிப் பழைய காலத்துப் பாய்மரக் கப்பல்களைத் தத்ரூபமாகக் கட்டுவது. அந்த ஊரில் மீசை நரைத்தவர்கள் பலர் இதையே வேலையாகச் செய்கிறார்களாம். பாய்மரம் எவ்வளவு சாய வேண்டும் என்று அவர்களுக்குள் சண்டையே நடக்குமாம்.

போன முறை வந்தபோது, மதியம் பிரியாணிக்குப் பிறகு ஹோல்கர் தன் லேப்டாப்பைத் திறந்து கப்பல்களைக் காட்டினார். ஜெனரல் மேனேஜர் சர்தார் பாஷா மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான், சாயங்காலம் வரை கப்பல். அன்று செக் பண்ண வேண்டிய லாட்டில் பாதி ஷூவுக்கு மூக்கில் சுருக்கம். ஹோல்கர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். புவியீர்ப்பு விசையைக் கண்டுபிடித்தவருக்குக் கூட அப்படியொரு சந்தோஷம் இருந்திருக்காது, சர்தார் பாஷாவுக்கு இருந்தது.

அடுத்த வருகை ஆகஸ்டில். இந்தத் தடவை பூட்ஸ் ஆர்டரோடு 'சமூகப் பொறுப்பு' என்று ஒரு கேள்வித்தாளும் கூட வருவதாகத் தகவல். அதில் ஒரு கேள்வி: கம்பெனியைச் சுற்றியுள்ள மக்களுக்குக் குடிதண்ணீர் கிடைக்கிறதா? சர்தார் பாஷா உடனே ஒரு அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டத்தில் மொத்தம் மூன்று பேர்: அவர், ஜியாவுல்லா, அப்புறம் இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதுவதற்கென்றே சத்துவாச்சாரியிலிருந்து தினமும் கம்பெனி வேனில் வரும் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் கரோலின் மேடம். குடிதண்ணீர்க் கேள்விக்குக் கூட்டம் ஆழ்ந்து ஆலோசித்துக் கண்ட பதில், கப்பல். ஹோல்கரை வாசலிலேயே ஒரு கப்பலைக் காட்டி நிறுத்திவிட்டால், அவர் கேள்வித்தாளைப் பிரிக்கவே மாட்டார். அந்த நிமிஷமே 'கப்பல் பிரிவு' உதயமாயிற்று. கூடுதல் ஆள் இல்லை, கூடுதல் நாற்காலி இல்லை. ஜியாவுல்லாவின் பழைய நாற்காலிதான் துறைமுகம்.

இங்கே ஜியாவுல்லாவின் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பெனிக்குப் பின்பக்கத் தெருவில் குடியிருந்தார். அந்தத் தெருவில் எந்த போர் பம்பில் அடித்தாலும் மஞ்சளும் பழுப்புமாகத் தண்ணீர் வரும். வாயில் வைத்தால் கரிக்கும். டீ போட்டால் பால் திரிந்துபோகும். நோன்புக் கஞ்சிக்கு உப்பே போட வேண்டாம் என்று அந்தத் தெருப் பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள், வேறு என்ன செய்வது? கம்பெனியின் தோலுக்குச் சாயம் போடும் ஷெட்டிலிருந்து சுவருக்கு அடியில் ஒரு வாய்க்கால் நுரைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் போகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பது 'ஆய்வில் உள்ளது'. ஆய்வு தொடங்கி வருஷங்களாகிறது. வெளியிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து நிரப்ப ஒரு தொட்டி கட்டித் தருவதாகக் கம்பெனி வாக்குக் கொடுத்ததும் அதே சமயத்தில்தான்.

ஷஹீன் பானு ரயில்வே கேட்டைத் தாண்டித் தன் அம்மா வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வருவாள். ஜூன் மாசத்தில் ஒரு நாள் தண்டவாளத்துக் கல்லில் கால் புரண்டு விழுந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. குடமும் நசுங்கிவிட்டது. அன்று ஜியாவுல்லா வீட்டுக்கு வந்தபோது, அவள் நொண்டி நொண்டி இரண்டாவது நடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் நேராக சர்தார் பாஷாவிடம் போய்த் தொட்டியைக் கேட்டார். சர்தார் பாஷா தோளில் கை போட்டார்.

"கப்பல் முடியட்டும் ஜியா. அடுத்த வேலை தொட்டிதான். ரம்ஜானுக்குள்ள முடிச்சுக் குடுத்துர்றேன்."

ஜியாவுல்லா இதை வேதவாக்காக வீட்டில் வந்து சொன்னார். ஷஹீன் பானு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். லேசில் ஏமாற்றிவிடக்கூடிய ஆள் இல்லை அவள். கல்யாணத்துக்கு முன் அதே கம்பெனியில் கடைசி செக்கிங் மேஜையில் இருந்தவள். ஷூவில் குறை இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மற்றவர்கள் ஏதோ ஒரு பக்கமாக ஒட்டிவிட்டுப் போவார்கள். அவளுக்கு அது ஆகாது. அம்பின் முனை குறையையே தொட வேண்டும், இல்லாவிட்டால் அது அம்பே இல்லை என்பாள். இடது ஷூவின் கலருக்கும் வலது ஷூவின் கலருக்கும் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் ஜோடியைத் தள்ளிவிடுவாள். அம்பு பானு என்றே பெயர். ஜியாவுல்லா போட்ட முதல் டிசைனிலும் அவள் அம்பு விழுந்தது. அப்புறந்தான் கல்யாணம்.

"ஊர்ல தண்ணி இருந்தாத்தானேங்க கப்பலு," என்றாள். "இன்னாமோ செய்யுங்க. ரம்ஜானுக்குள்ள தொட்டி வரணும்."

ஜியாவுல்லா கட்ட ஆரம்பித்தார். கட்டைகளோ சதுரம், கப்பலின் வயிறோ வளைவு. ஆனால் தோலை வளைத்தவருக்குக் கட்டை எம்மாத்திரம்? கட்டையைப் படிப்படியாகத் தள்ளித் தள்ளி அடுக்கி, கப்பலின் வயிற்றை ஒரு பெரிய ஷூவின் குதிகால் மாதிரி கொண்டுவந்துவிட்டார். வாரந்தோறும் 'முன்னேற்ற ஆய்வு' நடந்தது. சர்தார் பாஷா திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தன் வாழ்நாள் அனுபவம் முழுவதையும் கப்பலுக்கு அர்ப்பணித்தார். பீரங்கி ஓட்டைகள் கயிறு கோக்கும் ஓட்டை மாதிரி நேர்க்கோட்டில் இருக்க வேண்டும் என்றார். பின்தளத்தில் ஹீல் ஜாஸ்தி என்றார். பாயில் சுருக்கம் தெரிகிறது, இழுத்து ஒட்டு என்றார். காற்று அடித்தால் பாய் சுருங்கும் என்று ஜியாவுல்லா சொன்னதற்கு, நம்ம கம்பெனியில் காற்று அடிக்காது என்று பதில் வந்தது. கடைசியில் கப்பலுக்கு ஒரு ஆர்ட்டிகிள் நம்பரும் கொடுத்து, 39 முதல் 46 வரை சைஸ் போட முடியுமா என்றும் கேட்டார். ஒன்றை மட்டும் அவர் ஓயாமல் சொன்னார்: தத்ரூபமா இருக்கணும்.

ஜியாவுல்லா அந்த வார்த்தையை நெஞ்சில் எழுதிக்கொண்டார். டிசைன் ரூமில் இன்டர்நெட் கப்பலுக்காகத் திறந்துவிடப்பட்டிருந்தது. தேடித் தேடிப் படித்தார். அந்தக் காலக் கப்பல்களில் மாசக்கணக்கில் குடிக்கத் தண்ணீரை மரப்பீப்பாய்களில் நிரப்பி அடித்தளத்தில் அடுக்கிக்கொண்டு போவார்களாம். நாலு பக்கமும் உப்புக்கடல். ஆனாலும் கப்பலில் இருக்கிற கடைசி ஆள் வரைக்கும் தினம் இவ்வளவு நல்ல தண்ணீர் என்று அளந்து கொடுப்பார்களாம். இதைப் படித்ததும் அவர் அடித்தளம் முழுக்கப் பீப்பாய்களாக அடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் வளையம் போட்டார், மூடி போட்டார். பீரங்கிக்குக்கூட அவ்வளவு பாடுபடவில்லை.

சர்தார் பாஷாவுக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே இருப்பது பையர் கண்ணுக்குத் தெரியாது, தெரியாத இடத்தில் வேலை எதற்கு, ஷூவின் உள்தோலுக்கு நாம் என்ன போடுகிறோம் என்று உனக்குத் தெரியாதா என்றார். தத்ரூபம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று ஜியாவுல்லா பணிவாக நினைவூட்டினார். சர்தார் பாஷா பெருமூச்சு விட்டுவிட்டு, எது செய்தாலும் இது சாம்பிள், சாம்பிளுக்கு உள்ள புரொசீஜரை மட்டும் மீறிவிடாதே என்று எச்சரித்துவிட்டுப் போனார். ஜியாவுல்லா மீறவில்லை. அவர் சர்வீஸில் ஒரு நாளும் மீறியதில்லை.

ஆகஸ்டில் ஹோல்கர் வந்தார். வாசலிலேயே கப்பல் என்று சொன்னார்கள். மனிதர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் டிசைன் ரூமுக்கு ஓடிவந்தார். திரையில் கப்பல் இடது பக்கமாக நின்றது. மூன்று பாய்மரம், கொடி, நங்கூரம், முகப்பில் சிங்கத்தலை. ஹோல்கர் ஆகா ஆகா என்றார். கேள்வித்தாள் அவர் பையிலேயே கிடந்தது. சர்தார் பாஷா கரோலின் மேடத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஹோல்கர் மவுஸைப் பிடித்தார். கப்பலை மெல்லச் சுற்றினார்.

வலது பக்கம் இல்லை.

வாழைக்காயை நீளவாக்கில் வகுந்து எடுத்துவிட்ட மாதிரி, பாதிக் கப்பலே இல்லை. விஷயம் இதுதான். ஷூத் தொழிலில் பையருக்குச் சாம்பிள் காட்டும்போது ஜோடியாகச் செய்கிற வழக்கம் கிடையாது. ஒரு காலுக்குத்தான் செய்வார்கள். அது பிடித்து, 'அப்ரூவ்ட்' என்று பதில் வந்தால்தான் மறுகால் பிறக்கும். ஜியாவுல்லா கப்பலுக்கு இடது கால் செய்து வைத்திருந்தார். வாராவாரம் வந்து ஆய்வு செய்த சர்தார் பாஷாவோ, ஷூவை எப்போதும் ஒரு பக்கமாகவே பார்த்துப் பழகியவர். அவருக்கும் தோன்றவில்லை.

சர்தார் பாஷாவின் முகம் பதப்படுத்தாத தோலின் நிறத்துக்குப் போய்விட்டது. "சாம்பிள் சார். ஒன் ஃபுட்," என்றார்.

ஹோல்கர் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையின் பக்கம் குனிந்தார். வகுந்த வயிற்றுக்குள் பீப்பாய்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. பையர் கண்ணுக்குத் தெரியாது என்றிருந்த இடம்தான் இப்போது பையர் கண்ணில் முதலில் பட்டது. இதென்ன இத்தனை பீப்பாய், சரக்கா, வெடிமருந்தா என்று கேட்டார்.

"டிரிங்கிங் வாட்டர் சார்," என்றார் ஜியாவுல்லா. "ஷிப்ல ஆல் மேன் கெட்டிங். மை ஸ்ட்ரீட் நாட் கெட்டிங் சார்."

கரோலின் மேடம் இடையில் புகுந்து அந்த ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே மொழிபெயர்த்தார். குடிதண்ணீருக்கு எங்கள் கம்பெனி மிகுந்த முக்கியத்துவம் அளிக்கிறது என்று இவர் கூறுகிறார் என்றார். ஆனால் ஹோல்கருக்கு முதல் மொழியே புரிந்துவிட்டது. பையைத் திறந்து கேள்வித்தாளை வெளியே எடுத்தார். அப்போது சர்தார் பாஷாவுக்கு வந்த யோசனையைச் சாதாரண மூளைக்கு வந்ததென்று சொல்ல முடியாது. தொட்டி டிசைன் ஸ்டேஜில் இருக்கிறது சார் என்றார். ஹோல்கர் சந்தோஷப்பட்டு, அன்று சாயங்காலம் சென்னைக்குப் போக வேண்டியிருப்பதால் டிசைனை மெயிலில் அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கப்பல் கட்டிய அதே கட்டைகளால் ஜியாவுல்லா தொட்டியைக் கட்டினார். நாலு தூண், ஏணி, மூடி, குழாய்கள் ஒரே வரிசையாக. நொண்டுகிறவர்கள் ஏற வசதியாகப் படிக்குக் கைப்பிடியும் வைத்தார். உள்ளே நீலக் கட்டைகளை விளிம்பு வரை நிரப்பினார். கப்பலைக் கட்டும்போது இல்லாத சந்தோஷம் அவருக்கு அப்போது இருந்தது. இந்தத் தடவை நாலு பக்கமும் முழுசாகச் செய்தார், புரொசீஜரை மீறி. மெயில் போயிற்று. இரண்டாம் நாள் பதில் வந்தது: மிக அருமை, அப்ரூவ்ட். கரோலின் மேடம் குடிதண்ணீர்க் கேள்விக்கு எதிரே 'ஆம், படம் இணைப்பு' என்று எழுதினார். பூட்ஸ் ஆர்டர் உறுதியாயிற்று. கம்பெனி முழுவதற்கும் பிரியாணி.

பிரியாணி முடிந்து கை கழுவிய கையோடு ஜியாவுல்லா போய், வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார். சர்தார் பாஷா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்ன வேலை?"

"தொட்டி சார்."

"சாம்பிள் அப்ரூவ் ஆயிடுச்சுப்பா, சந்தோஷம். தொட்டிக்கு ஆர்டர் எங்க வந்துச்சு? ஆர்டர் இல்லாம புரொடக்‌ஷன் போடறது நம்ம வழக்கமா? நீயே சொல்லு."

அது வழக்கம் இல்லைதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்னவன் ஏற்றுமதித் தொழில் தெரியாதவன். ஏட்டுச் சுரைக்காயைக் காட்டித்தான் இங்கே கறியே வாங்குகிறார்கள். ஆனால் ஜியாவுல்லா இதையெல்லாம் வீட்டில் போய்ப் பானுவிடம் எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை. தொட்டி எங்கே என்று அவள் கேட்கும்போதெல்லாம் வருது வருது என்றார். அப்படிச் சொல்லிவிட்டுச் சாப்பிடவும் முடியாமல் எழுந்துவிடுவார்.

அதற்குள் ஜெர்மனியிலிருந்து இன்னொரு மெயில். தொட்டியின் திறப்பு விழாவில் மக்கள் கலந்துகொண்ட போட்டோ ஒன்று வேண்டும் என்றார்கள். ரிவர்வியூ அசருமா? நோன்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது விழா நடந்தது. டிசைன் ரூமில் கம்ப்யூட்டர் திரைக்குக் குறுக்கே ரோஸ் கலர் ரிப்பன் கட்டினார்கள். சர்தார் பாஷா திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சால்வையுடன் அமர்ந்தார். கரோலின் மேடம் கேமராவோடு நின்றார். பின்தெருப் பெண்களுக்குத் 'தொட்டி திறப்பு விழா' என்று மட்டும் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். எனவே அவர்கள் எல்லாரும் குடத்தோடு வந்தார்கள்.

முன்னால் நொண்டிக்கொண்டு வந்தவள் ஷஹீன் பானு. ஒரு கையில் குடம், இன்னொரு கையில் பாட்டில். புதுத் தண்ணீருக்கும் பழைய தண்ணீருக்கும் வித்தியாசம் பார்ப்பதற்காகத் தன் வீட்டு போர்த் தண்ணீரைப் பிடித்து வந்திருந்தாள். செக்கிங் புத்தி போகுமா? தொட்டி எங்கே என்று சுற்றிலும் பார்த்தாள். ரிப்பனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். கடைசியாகத் தன் புருஷனைப் பார்த்தாள். ஜியாவுல்லா தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் பூமி பிளந்தால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். பாட்டிலைத் திரைக்குப் பக்கத்தில், நீலத் தண்ணீருக்கு நேராக வைத்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். செக்கிங் மேஜையில் வலதுக்குப் பக்கத்தில் இடதை வைத்துப் பார்ப்பது அப்படித்தான். பாட்டிலுக்குள் மஞ்சளும் பழுப்புமாகத் தண்ணீர் அசைந்தது.

"ஷேட் மேட்ச் ஆகலை சார்," என்றாள்.

சர்தார் பாஷா பெருந்தன்மையாகச் சிரித்தார். அது சும்மா கலர்மா, கம்ப்யூட்டரில் இருக்கிற நீலம், அதையெல்லாம் பார்க்கக் கூடாது என்றார்.

"இந்தக் கலரு நம்ம ஷெட்லருந்து வர்றதுதானே சார். நீங்க போட்ட கலரு, உங்களுக்கே மேட்ச் பண்ண வரலையா?"

மேஜைமேல் சாம்பிள்களுக்கு நடுவில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள் கிடந்தது. ஒன்றை உரித்தாள். நீலத் தண்ணீரின் மேல் ஒட்டினாள். பார்த்தாள், திருப்திப்படவில்லை. அதைப் பிய்த்து எடுத்துத் திரையின் ஓரத்தில், முனை வெளிப்பக்கம் இருக்கிற மாதிரித் திருப்பி ஒட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் திரையை ஒட்டினாற்போல் நாற்காலியில் சர்தார் பாஷா சால்வையோடு உட்கார்ந்திருந்தார். அம்பின் முனை சரியாக அவரைத் தொட்டது.

கரோலின் மேடம் பழக்க தோஷத்தில் பட்டனை அழுத்திவிட்டார். திறப்பு விழாவுக்கு வேறு போட்டோ இல்லாததால் அதுதான் ஜெர்மனிக்குப் போயிற்று. கப்பல், தொட்டி, பூட்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாலும், ரிவர்வியூ கம்பெனி ஏற்றுமதி செய்தவற்றில் தத்ரூபமாக இருந்தது அது ஒன்றுதான்.